சும்மா நின்றவனும் அதைக் கண்டவனும்

போன கிழமை நீங்கள் நால்வரும் வீட்டுக்கு வந்திருந்தபோது நான் எரிந்து விழுந்துவிட்டேன். கழகத்துக்குப் புதிய தெரிவாளர்களாக வந்திருக்கிறீர்கள். இந்த வருடம் கல்லூரிகளை விட்டு வெளியேறும் உதைபந்தாட்டக்காரரில் எப்படிப்பட்டவனை எடுக்கலாம் என்று கேட்டீர்கள். கேட்டதில் பிழையில்லை. ஆனால் உங்களில் ஒருவர் மடிக்கணினியைத் திறந்து, ஓடும் வேகம், உதைக்கும் தூரம் என்று நிறம் நிறமாகக் கட்டங்களைக் காட்டத் தொடங்கியதும் எனக்குப் பொறுமை போய்விட்டது. "உது மாட்டுச் சந்தையில பல்லைப் பிடிச்சுப் பாக்கிற வேலை" என்று சொல்லிவிட்டேன். நீங்கள் படலையைத் தாண்டியதும் மனைவி என்னைப் பிடித்துக்கொண்டாள். "பிள்ளையள் தேத்தண்ணிகூடக் குடிச்சு முடிக்கேல்ல. பதில் தெரியாட்டில் தெரியாதெண்டு சொல்லுங்கோவன்!"

பதில் தெரியும். சொல்ல வெட்கமாக இருந்தது. அதனால்தான் கோபம் வந்தது. இப்போது எழுதுகிறேன், ஆறுதலாக இருந்து வாசியுங்கள்.

நான் அடம்பன் ஊர் ஆள். வயற்காரக் குடும்பம். கல்லூரியில் விளையாட்டு மாஸ்ரராக இருந்தவன். கழகம் சம்பளத்துக்கு ஆட்டக்காரரை வைத்திருக்கத் தொடங்கியபோது, மன்னார்ப் பக்கத்துப் பிள்ளைகளைப் பார்த்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டுமென்று என்னைக் கூப்பிட்டார்கள். முதல் வருடமே மூக்குடைபட்டேன். மன்னார்த் தீவுப் பக்கத்துப் பொடியன் ஒருவன் நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் நின்று அடித்த பந்து, கோல் கீப்பரின் தலைக்கு மேலால் போய் வலைக்குள் விழுந்ததைக் கண்டேன். மாதாவே, இது காலா பீரங்கியா என்று நினைத்து அவனையே முதலாவதாகச் சிபாரிசு செய்தேன். கழகம் அவனை வவுனியாவுக்குக் கொண்டுபோய் ஓர் இலை கூட அசையாத மைதானத்தில் விட்டது. அங்கே அவன் அடித்த பந்து கோலடிப் பெட்டி வரைக்கும்கூடப் போகவில்லை. எங்கள் மனேஜர் பழைய ஆட்டக்காரர், நறுக்கென்று கதைப்பவர். எல்லாருக்கும் முன்னால் சொன்னார்: "மாஸ்ரர், அடுத்தமுறை சோளகத்தையும் சேர்த்து ஒப்பந்தம் பண்ணிக்கொண்டு வாங்கோ."

உங்களில் மன்னாரில் பிறக்காதவர்கள் இருப்பதால் சொல்கிறேன். சோளகம் என்றால் தென்மேற்கிலிருந்து மாதக்கணக்காக அடிக்கும் காற்று. தாழ்வுபாட்டு மைதானத்தில் கடற்பக்கத்துக் கோலிலிருந்து தரைப்பக்கத்துக் கோலுக்கு நேரே அடிக்கும். காற்று முதுகில் இருந்தால் எவனும் பீரங்கி. முகத்தில் அடித்தால்தான் ஆள் ஆர் என்று தெரியும். அந்த அவமானத்துக்குப் பிறகு நான் எனக்கென்று ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன்: காற்றுக்கு எதிரே விளையாடும் பதினொரு பேரை மட்டும்தான் பார்ப்பது. மற்றப் பதினொரு பேரும் என்ன செய்தாலும் கணக்கில் எடுப்பதில்லை. இடைவேளைக்குப் பிறகு பக்கம் மாறும், என் கண்ணும் மாறும்.

சட்டம் நன்றாகத்தான் வேலை செய்தது. அதை வைத்து நான் எடுத்துக் கொடுத்த பிள்ளைகள் நிலைத்து நின்றார்கள். கொழும்பிலிருந்து வந்த தெரிவாளர்கள் கூட, "காத்துக்கு அங்கால பாக்கிற மாஸ்ரர்" என்று என்னைச் சொல்வார்கள். அந்தப் பேச்சைக் கேட்கக் கேட்கத் தலை கொஞ்சம் வீங்கத்தான் செய்தது. ஒரு சட்டம் பத்துத்தரம் சரிவந்தால் பதினோராம் தரம் நாங்கள் யோசிப்பதை விட்டுவிடுகிறோம். அது கண்ணுக்குப் பூட்டிய பட்டை என்பது பூட்டியவனுக்குத் தெரிவதில்லை.

பிறகு அந்த ஆட்டம் வந்தது. தாழ்வுபாட்டு மைதானம், கல்லூரிகளுக்கு இடையிலான போட்டி, நல்ல சோளகம். ஒரு பக்கம் தீவிலுள்ள கல்லூரி. அதன் பின்வரிசையில் நடுவில் நின்றவன் தாழ்வுபாட்டுப் பொடியன் றெக்சன். உயரமான பிள்ளை, தகப்பனோடு கடலுக்குப் போய்ப் போய்த் தோள் அகன்றவன். நான் பார்க்கப் போனது அவனைத்தான். மற்றப் பக்கம் முசலியிலிருந்து வந்த கல்லூரி. அதன் முன்வரிசையில் கொண்டச்சி ஊரைச் சேர்ந்த இர்பான் என்று ஒருவன், மெலிந்தவன், சத்தமில்லாதவன்.

முதல் பாதியில் முசலிக்காரருக்குக் காற்று முகத்தில். என் சட்டப்படி அவர்களைப் பார்த்தேன். பத்துப் பேரும் தங்கள் கோலடியில் நின்று மாரடித்தார்கள். இந்த இர்பான் மட்டும் நடுக்கோட்டில் நின்றான். பந்துக்கு ஓடவில்லை, இறங்கி உதவி செய்யவுமில்லை. இப்படி நாலு எட்டு, அப்படி நாலு எட்டு, கோயில் பெருநாளுக்கு வந்து ஆளைத் தேடுகிற மாதிரி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கொப்பியில் எழுதினேன்: 'காற்றுக்கு எதிரே காணாமல் போகிறான். சோம்பேறி. வேண்டாம்.' இடைவேளைவரை கோல் இல்லை.

இரண்டாம் பாதியில் காற்று றெக்சனின் முகத்துக்கு மாறியது. என் கண்ணும் மாறியது. அவன் விளையாடிய விளையாட்டை இன்றைக்கும் மறக்கமாட்டேன். வந்த பந்தெல்லாம் அவனில் பட்டுத் திரும்பியது. கடைசியில் இர்பான் ஒன்றை அடித்து முசலிக்காரர் வென்றார்கள். அது காற்று அடித்த கோல் என்று நான் அதை எழுதக்கூட இல்லை. றெக்சனின் பெயரைச் சுற்றி இரண்டு வட்டம் போட்டேன்.

தெரிவு நாளின் முறை உங்களுக்குத் தெரியும். கல்லூரியை விட்டு விலகும் வருடத்தில் மட்டும்தான் ஒரு பிள்ளையின் பெயர் பட்டியலில் இருக்கும். கழகங்கள் மாறி மாறிப் பெயர் சொல்லும். அன்றைக்கு எவரும் சொல்லாவிட்டால் அவ்வளவுதான், அவன் தன் பாட்டைப் பார்க்க வேண்டும். எங்கள் கழகத்துக்கு அந்த வருடம் ஒரேயொரு இடம். அந்த இடம் றெக்சனுக்கு என்று நான் மைதானத்திலேயே மனதில் முடித்துவிட்டேன். முடித்தபின்தான் அவனோடு இரண்டு வார்த்தை கதைக்கப் போனேன். அவன் மணலில் குந்தியிருந்து சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தான். நான் யார் என்று அவனுக்குத் தெரியும். கண்டதும் எழும்பி நின்றான்.

"தம்பி, முதல் பாதியில அந்தக் கொண்டச்சிப் பொடியனை நல்லா அமத்தி வைச்சிருந்தாய்" என்றேன்.

"நான் அமத்தேல்ல சேர். அவன்தான் எங்களை அமத்தினவன்."

"என்னடா கதைக்கிறாய்? அவன் சும்மாதானே நிண்டவன்."

"சும்மா நிக்கேல்ல சேர். காத்து எங்கட முதுகில. நான் ஒருக்கா முன்னுக்குப் போயிருந்தா தூரத்தில நிண்டே அடிச்சிருப்பன். போக விட்டானே? நான் ஒரு எட்டு வைக்க, அவன் எனக்குப் பின்னுக்குள்ள வெறும் இடத்துக்கு ஒரு எட்டு வைப்பான். என்னோட நிண்டவனுக்கும் முன்னுக்கு ஏற ஏலாமப் போச்சுது. பயத்தில நடுவரிசையில நிண்டவனையும் நான்தான் பின்னுக்குக் கூப்பிட்டனான். ஒருத்தன் நிண்ட நிலையிலயே மூண்டு பேரைக் கட்டிப்போட்டவன் சேர்."

காற்றோடு விளையாடியவர்களை நான் பார்க்கவே இல்லையே! காற்று முதுகில் இருந்தும் அவர்கள் ஏன் ஒரு கோலும் அடிக்கவில்லை என்ற கேள்வி என் தலைக்குள் வரவேயில்லை. ஏதாவது சொல்லவேண்டுமென்று, "இதை எனக்கேன் சொல்லுறாய்? நான் உன்னைப் பாக்கத்தானே வந்தனான்" என்றேன்.

"கேட்டனீங்கள் சேர். அதுதான் சொன்னனான்" என்றான். முகத்தில் தியாகம் செய்த களையொன்றும் இல்லை. நேரம் கேட்டால் நேரம் சொல்வதுபோலச் சொன்னான்.

அடுத்த கிழமை முசலிப் பக்கம் இன்னொரு ஆட்டம். மோட்டார் சைக்கிளில் போய், பந்தைப் பார்க்காமல், இர்பானுக்கு எதிரே நிற்பவர்களின் கால்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்ற ஐஸ் பழக்காரர், "ஐயா, பந்து அங்கால போகுது, நீங்கள் இஞ்சால பாக்கிறீங்க" என்று பகிடி பண்ணினார். றெக்சன் சொன்னது எழுத்துக்கு எழுத்து சரி. இர்பான் அசைந்தால் மூன்று பேர் அசைந்தார்கள். வீட்டுக்கு வந்து பழைய அறிக்கையைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதினேன். றெக்சனுக்கு ஒரு தாள், இர்பானுக்கு ஒரு தாள். முதல் இடத்தில் இர்பான். காரணம் என்ற இடத்தில், 'நின்ற நிலையிலேயே மூன்று பேரைக் கட்டிப்போடுபவன்' என்று எழுதினேன்.

இதுவரைக்கும் நான் செய்தது சரி. பிழை எங்கே என்று எனக்கு முன்பாகவே கண்டுபிடித்துவிட்டீர்கள் என்றால் நீங்கள் நல்ல தெரிவாளர்களாக வருவீர்கள்.

தெரிவு நாள். மண்டபத்தின் முன்பக்கம் கழகங்களின் மேசைகள், பின்பக்கக் கதிரைகளில் பிள்ளைகளும் தாய்தகப்பன்மாரும். றெக்சன் வெள்ளைச் சேர்ட் போட்டுத் தகப்பனோடு கடைசி வரிசையில் இருந்தான். தகப்பன் கோயிலுக்கு வருவதுபோலத் தலையைப் படிய வாரியிருந்தார். மனேஜர் என் அறிக்கையை மேசையில் வைத்து வாசித்தார். அந்த வசனத்தில் விரலை வைத்து நிறுத்தினார்.

"மாஸ்ரர், இதை எப்பிடிக் கண்டுபிடிச்சனீங்கள்? நானும் அந்தப் பொடியனை ஒருக்கா பாத்தனான், சும்மா நிக்கிறான் எண்டு விட்டிட்டன். உங்களுக்குக் கண்ணே, எக்ஸ்ரேயே?"

சொல்லியிருக்கலாம். 'அந்தா, கடைசி வரிசையில வெள்ளைச் சேர்ட்டோட இருக்கிறான், அவன் சொன்னவன்.' பத்துச் சொல்லும் இல்லை. ஆனால் பக்கத்து மேசைக் கொழும்புக்காரரும் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார். காற்றுக்கு அங்காலே பார்க்கிற மாஸ்ரருக்குப் பத்தொன்பது வயதுப் பிள்ளைதான் கண்ணைத் திறந்துவிட்டது என்று சொல்ல எனக்கு நாக்கு எழும்பவில்லை. "அனுபவம்தான்" என்று சொன்னேன். சிரித்தும் வைத்தேன்.

எங்கள் முறை வந்தது, இர்பானின் பெயரைச் சொன்னோம். பின்னால் அவன் உம்மா அழுவதும் ஆட்கள் கைதட்டுவதும் கேட்டது. இரண்டாம் சுற்று தொடங்குமுன் மனேஜர் என் பக்கம் சாய்ந்தார்.

"வேற ஆரும் விடக்கூடாத ஆள் இருக்கோ? சொல்லுங்கோ. பழைய ஆள் ஒருத்தரை விட்டிட்டு இடம் எடுக்கலாம்."

றெக்சனின் அறிக்கை என் மடியில் இருந்தது. அவனைப் பற்றி வாயைத் திறந்தால், இர்பானைக் காட்டித் தந்தவன் அவன்தான் என்பதையும் சொல்லவேண்டி வரும். அதைச் சொன்னால் சற்றுமுன் சொன்ன 'அனுபவம்' பொய்யாகிவிடும். பின்வரிசைக்கு எங்களிடம் ஆட்கள் போதுமே, வேறு கழகம் எடுத்துவிடுமே என்று எனக்கு நானே கதைவிட்டேன். மனேஜருக்குச் சொன்னேன்: "பின்வரிசையில ஒருத்தன் இருக்கிறான். நல்லவன்தான். ஆனா கட்டாயமெண்டில்லை."

"அப்ப விடுங்கோ" என்றார்.

வேறு எந்தக் கழகமும் அவனை எடுக்கவில்லை. கூட்டம் கலைந்தபோது றெக்சன் எனக்கு முன்னால் வந்து, "போட்டு வாறன் சேர்" என்று சொல்லிவிட்டுத் தகப்பனைக் கூட்டிக்கொண்டு போனான். தகப்பன் என்னைப் பார்க்கவில்லை. நான் கொடுத்த ஆறுதல் வார்த்தைகளை இங்கே எழுதமாட்டேன், எழுதக் கூசுகிறது.

இர்பான் நன்றாக வந்தான். நீங்களும் பார்த்திருக்கிறீர்கள். அவன் ஒவ்வொரு முறை நன்றாக விளையாடும்போதும் எனக்குத்தான் பாராட்டு வந்தது. பிறகு நான் கழகத்திலிருந்து விலகியபோது எனக்குப் பிரியாவிடை வைத்த அன்றும் மனேஜர் எழும்பி அந்தக் கதையைத்தான் சொன்னார். எல்லாரும் சும்மா நிற்கிறான் என்று விட்ட பிள்ளையில் மாஸ்ரர் எதைக் கண்டார் என்று, கையை ஆட்டி ஆட்டி. மாலையும் போட்டார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவனுக்குக் கழுத்திலே ரோசாப்பூ மாலை. என்னால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. ஆட்கள் சாப்பாட்டுக்குப் போனதும் மனேஜரை ஒரு பக்கம் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் ஏசுவார் என்று நினைத்தேன். ஏசவில்லை. கதிரையொன்றை இழுத்துப் போட்டு இருந்தார்.

"மாஸ்ரர், இர்பான் செய்ததை இர்பானுக்கே சொல்லத் தெரியாது. அவனுக்கு அது தானா வருகுது. எதிர்ப்பக்கம் நிண்டு, அம்பிட்டுக்கொண்டு நிக்கேக்கயே தனக்கு என்ன நடக்குதெண்டு விளங்கிச் சொன்னவனெல்லே விளையாட்டை வாசிக்கத் தெரிஞ்சவன்? அப்பிடி ஒருத்தனை நான் இந்தக் கழகத்தில ஒருநாளும் காணேல்ல. அண்டைக்கே சொல்லியிருந்தா இரண்டு பேரையும் எடுத்திருப்பனே" என்றார். பிறகு எழும்பிச் சாப்பிடப் போனார். என்னைக் கூப்பிடவில்லை.

அப்போதுதான் எனக்கு முழுவதும் விளங்கியது. பேரை மறைத்தேன் என்றுதான் அதுவரை நான் வருந்தினேன். அது போதாது. அவன் தந்த தகவலை எடுத்துக்கொண்டு, அந்தத் தகவலே அவனுடைய திறமைக்குச் சாட்சி என்பதைக் காணாமல் விட்டிருக்கிறேன். ஒருவரிடம் கேட்டு அறிவது தெரிவாளனுக்குக் குறைச்சலில்லை. எதிராளியிடம் கேளுங்கள், நடுவரிடம் கேளுங்கள், ஐஸ் பழக்காரரிடமும் கேளுங்கள். ஆனால் உங்கள் மடிக்கணினியில் அந்த நிறக் கட்டங்களுக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம் போடுங்கள்: இதைச் சொன்னவர் யார்? சில நேரம் நீங்கள் தேடுகிற ஆள் அந்தக் கட்டத்துக்குள்தான் இருப்பான்.

பிரியாவிடை முடிந்து இரண்டாம் நாள் தாழ்வுபாட்டுக்குப் போனேன். பின்னேரம், றெக்சன் வள்ளத்தின் இஞ்சினைக் கழற்றி வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தான். ஆள் கொஞ்சம் பருத்திருந்தான். "வாங்கோ சேர்" என்று கவிழ்த்துப் போட்டிருந்த மீன் பெட்டியொன்றைத் துடைத்து இருக்கத் தந்தான். நான் மனேஜருக்குச் சொன்னதை எல்லாம் அவனுக்கும் சொன்னேன். மனேஜர் திரும்பிச் சொன்னதையும் சொன்னேன். அதை மறைத்தால் இரண்டாம் தரமும் களவெடுத்தவனாகிவிடுவேன்.

அவன் கையைத் துணியில் துடைத்தான்.

"தெரியும் சேர். கழகம் ஒப்பந்தத்தோட உங்கட அறிக்கையின்ர பிரதியை இர்பானுக்குக் குடுத்ததெல்லே. அவன் அதைப் படமெடுத்துப் பேஸ்புக்கில போட்டவன். நான் பாத்தனான். லைக்கும் போட்டனான்."

"லைக்கோ?" என்றேன். "உனக்குக் கோவம் வரேல்லையோடா?"

"இர்பானில என்ன கோவம்? அவன் விளையாடினவன்."

"என்னில?"

இஞ்சினைப் பார்த்துக்கொண்டு கதைத்தான்.

"அண்டைக்கு பஸ்ஸில வரேக்க அப்பா கேட்டவர், ஏன்டா உன்னை ஒருத்தரும் எடுக்கேல்ல எண்டு. எனக்கு விளையாட்டு விளங்குறது போதாது போல அப்பா எண்டு சொன்னனான். நானும் அப்பிடித்தான் நம்பினனான் சேர். சேரிட்ட வாய் குடுத்து, விசர்க் கதை கதைச்சுப்போட்டன் போல, அதாலதான் விட்டிட்டினம் எண்டு. ஒரு மாசமா பந்தைத் தொடேல்ல. பிறகுதான் பேஸ்புக்கில கண்டனான். நான் சொன்னது அப்பிடியே அச்சடிச்சுக் கிடந்தது."

றெக்சன் துணியை எடுத்து இஞ்சினை மறுபடி துடைக்கத் தொடங்கினான்.

"லைக் போட்டது இர்பானுக்கில்லை சேர்" என்றான். "அந்த வசனத்துக்கு."